சிலுவைக்குக் கீழே இரண்டு வெட்டு

மரக்காணத்தில் ஈரக் கையோடு சுவிட்சுப் பக்கம் போகிற பிள்ளையை, "ஏய், சவரியம்மா மாதிரி ஆயிடுவ, தள்ளிப் போ" என்று அதட்டுவார்கள். பதினோரு வருஷமாக இந்தப் பேச்சு ஊரில் நடமாடுகிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேர் சவரியம்மாளை நேரில் பார்த்தவர்கள்கூட இல்லை. எவளோ ஒரு கவனமில்லாத பொம்பளை, குளிக்கிற இடத்தில் கரண்டைத் தொட்டுச் செத்துப்போனாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆரோக்கியசெல்விக்கு அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். சவரியம்மாள் அவள் கூடப்பிறந்த அக்கா. அக்காவா கவனமில்லாதவள்? கண் கூசுகிற வெயிலில் இருபது வருஷம் உப்புக் கூடை சுமந்தவள். வழுக்குகிற வரப்பில் ஒரு நாள்கூடக் கால் இடறி ஒரு பிடி உப்பைச் சிந்தாதவள். அப்படிப்பட்டவள் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டு ஒருவன் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்தான். அவன் போட்ட பழியை அவன் வாயாலேயே எடுக்க வைக்கவேண்டும். செல்விக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருந்ததில்லை.

அவன் பெயர் கண்ணாயிரம். அந்தக் காலத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். "கண்ணாயிரம் போட்டா ஃப்யூஸே போகாது" என்று ஒரு பெருமை வேறு. ஃப்யூஸ் என்பதே போவதற்காக வைக்கிற கம்பி, ஆபத்து வந்தால் முதலில் அதுதான் சாகவேண்டும் என்பது அந்த ஜனங்களுக்கு எங்கே தெரியும்? விளக்கு அணையாமல் எரிந்தால் அவன் கெட்டிக்காரன்.

சவரியம்மாளும் அவள் புருஷன் சாலமனும் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டினார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குளியலறை ஆடம்பரம் இல்லை. வேலை முடிந்து உடம்பில் காய்கிற உப்பை உடனே கழுவாவிட்டால் அரிப்பு உயிரை வாங்கிவிடும். மூன்று பக்கம் அடுத்தவர் சுவர், நாலாவது பக்கம் சந்து. ஜன்னல் வைத்தால் போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்ப்பான். கண்ணாயிரம்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொன்னான். இரும்புச் சட்டம் வைத்த ஃபேன், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கக் கண்டிப்பாக எர்த் வேண்டும், எட்டடி இரும்புக் குழாய் ஒன்று வாங்கி வையுங்கள், குழியில் கொட்ட இரண்டு கூடை உப்பும் அடுப்புக்கரியும் வேண்டும் என்றும் அவன்தான் சொன்னான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அவனுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

குழாய் வந்த அன்றைக்கு அது தெருவில் கிடந்தது. அளத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் உப்பு வாரும் பலகையின் காம்பில் ஓர் அடையாளம் வெட்டி வைக்கும். பத்துப் பலகை ஒன்றாகச் சாத்திக் கிடக்கும்போது யாருடையது எது என்று தெரியவேண்டுமே. செல்வி வீட்டு அடையாளம் ஒரு சிலுவை, அதன் கீழே இரண்டு வெட்டு. அப்பா தனக்கு இரண்டு பெண்கள் என்பதற்காகப் போட்டது. வழக்கம் விடாமல் சவரியம்மாள் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு வாங்கிவந்து குழாயின் தலைப்பக்கத்திலும் அதையே அறுத்தாள். குழாய் உருளாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டது செல்விதான்.

"மண்ணுல பொதைக்கப்போற குழாய எவன்க்கா திருடப்போறான்?" என்று அவள் சிரித்தாள்.

"இருந்துட்டுப் போவட்டும்டி. நம்மளுதுன்னு தெரியணும்ல" என்றாள் அக்கா. அடுத்த நாள் இரண்டு கூடை உப்பையும் அளத்திலிருந்து தலையிலேயே சுமந்து வந்து போட்டாள்.

வேலை நடந்த நாளில் வீட்டில் யாரும் இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, பின்பக்கம் எர்த் குழிக்கு சிமென்ட் மூடி போட்டிருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாவது மாதம், குளித்துவிட்டு ஈரத் துண்டை ஃபேன் சட்டத்தின் மேல் போட்ட சவரியம்மாள் அப்படியே சுருண்டு விழுந்தாள். ஃபேனுக்குள் கம்பிச் சுருள் கெட்டு, கரண்டு இரும்புச் சட்டத்துக்கு இறங்கியிருந்தது.

அடக்கத்துக்கு வந்த கண்ணாயிரம் கல்லறை வாசலில் நின்று, எல்லோரும் கேட்கும்படி சொன்னான்: "எர்த்து போட்டேன், ஃப்யூஸ் போட்டேன். எல்லாம் கரெக்டாத்தான் செஞ்சேன். ஈரக் கையோட போய்த் தொட்டா நான் என்னாங்க பண்ண முடியும்?" ஊரும் தலையாட்டியது. சாலமனும் ஆட்டினான், பாவம். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பேச்சு.

செல்வி மட்டும் தலையாட்டவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஃப்யூஸ் ஏன் போகவில்லை? இந்த ஒரு கேள்வி அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. வானூரில் வயர்மேன் வேலை செய்த சிவப்பிரகாசத்தைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள். அவர் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல இருக்குறது ஃப்யூஸ் கம்பியா? தடியா செம்புக் கம்பிய முறுக்கி வுட்டிருக்கான். வீடே எரிஞ்சாலும் இது போகாது" என்றார்.

அடுத்த வாரமே அளத்து வேலையை விட்டுவிட்டு அவரிடம் கையாளாகப் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கட்டிக்கொண்டவன் அதற்கு முன்பே சென்னைப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றி அவள் பேசுவதில்லை, பேச அவளுக்கு நேரமும் இல்லை. ஏணி பிடிப்பது, சுவர் உடைப்பது, டெஸ்டர் எடுத்துக் கொடுப்பது என்று தொடங்கி நாலு வருஷத்தில் கம்பியாள் உதவியாளர் தேர்வும் எழுதித் தேறினாள். "பொம்பள ஏணி ஏறி ஃபேன் மாட்றாளாம்" என்று கண்ணாயிரம் டீக்கடையில் சிரித்ததும் அவள் காதுக்கு வந்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள்.

வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் முதலில் ஃப்யூஸ் கட்டையைத்தான் பிடுங்கிப் பார்ப்பாள். கண்ணாயிரம் முறுக்கிய செம்புக் கம்பி இருந்தால் அதை எடுத்துவிட்டு, மெல்லிய ஃப்யூஸ் கம்பி போட்டுக் கொடுப்பாள். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பாள். முதல் பாட்டில் நிறைந்து, இரண்டாவதும் முக்கால் ஆகிவிட்டது.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்குச் செய்த முதல் வேலை, அக்கா வீட்டு எர்த் குழியின் மூடியைப் பெயர்த்தது. உள்ளே குழாய் இல்லை. உப்பு இல்லை, கரி இல்லை. எர்த்துக்குப் போகவேண்டிய பச்சை வயரின் நுனியை ஓர் உடைந்த செங்கல்லில் சுற்றிப் போட்டிருந்தது. அவள் நேரே கண்ணாயிரத்திடம் போய்க் கேட்டாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"இது உப்பு மண்ணும்மா. குழாய உப்பு தின்னுடுச்சு. இதுகூடத் தெரியாம என்னா வயர்மேன் நீ?" என்றான்.

இந்த ஊரில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சைக்கிள் இரண்டு வருஷத்தில் இற்றுவிடும், ஜன்னல் கம்பி கையோடு உதிரும். உப்பு தின்றுவிட்டது என்று சொன்னால் கோர்ட்டே ஒப்புக்கொள்ளும். சாலமன்கூட, "அது இருக்கலாம் செல்வி, வுடு" என்றுதான் சொன்னான். அவள் விடவில்லை. எட்டடிக் குழாயில் ஒரு துண்டு துருகூடவா மிச்சம் இருக்காது?

இப்படியே ஏழு வருஷம் போனது. போன மே மாதம் ஒரு காலையில் கண்ணாயிரத்தின் பெண்டாட்டி சுலோசனா போன் செய்தாள். மகள் சிவசங்கரி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டு மாசம். பாத்ரூமில் வெந்நீர் ஆவி அடைத்துக்கொண்டு மூச்சு முட்டுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி வைத்தாயிற்று, மாட்ட ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து கண்ணாயிரத்துக்குக் கை நடுங்குகிறது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு, பொம்பளை வந்தால் சௌகரியம்.

"வர்றேங்க்கா" என்றாள் செல்வி. 

பொய் சொல்வானேன், அவள் மனதில் கெட்ட எண்ணம் வந்தது. ஒரே ஒரு திருகாணி. பச்சை வயரை இறுக்காமல் சும்மா சொருகிவிட்டு வந்தால் போதும். என்றைக்காவது ஒரு நாள் அவனும் தன் வீட்டுப் பிணத்தோடு நிற்பான். இதை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், அதில் ஒரு ருசியும் கண்டிருக்கிறாள்.

மேட்டுத் தெருவில் இருந்தது அவன் வீடு. அவள் ஏணியோடு உள்ளே நுழையும்போது சிவசங்கரி முகம் கழுவிய கையோடு லைட் போடப் போனாள். சுலோசனா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "ஈரக் கையோட தொடாதடி! சவரியம்மா மாதிரி ஆயிடப்போவுது!" கத்தியவளுக்கு, வந்து நிற்பவள் யார் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடத்தில் நாற்காலியில் இருந்த கண்ணாயிரம் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். 

செல்வி நேரே மெயின் பெட்டிக்குப் போனாள். மெயினை அணைத்தாள், டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் சுவரைத் துளைத்து ஃபேனை ஏற்றினாள். சுவிட்சை பாத்ரூமுக்கு வெளியே வைத்தாள். ஃபேனுக்கென்று தனியாக ஒரு ஃப்யூஸ், அதில் மெல்லிய கம்பி. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று வயரையும் கொண்டுபோய் முடுக்கினாள். பச்சைக்கு வந்தபோது ஸ்க்ரூடிரைவர் ஒரு நொடி நின்றது. வெளியே அந்தப் பெண் இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு, "அக்கா, குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். செல்விக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தத் திருகாணியை மற்ற இரண்டைவிட ஒரு சுற்று அதிகமாக இறுக்கினாள். இவளைக் கொன்றால் தானும் கண்ணாயிரம்தான். அவளுக்கு வேண்டியது அவன் கழுத்து, அவன் மகளுடையது இல்லை.

மெயினைப் போட்டு, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பைப் பிடித்துப் பார்த்தாள். நல்ல எர்த்தாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியவேண்டும். இது மங்கலாக, மூக்கால் அழுதது.

"எர்த் குழி காஞ்சு கெடக்குது. எங்க இருக்குது?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றான் கண்ணாயிரம், பேப்பருக்குப் பின்னாலிருந்து. "நீ ஃபேன மட்டும் பாரு."

"லாம்பு மங்கலா எரியுதுண்ணே. உங்க பொண்ணு குளிக்கிற ரூம்பு."

"வேணாங்கறேன்ல!" என்று அவன் எழுந்தே விட்டான். அதற்குள் சுலோசனா, "கொய்யா மரத்தடியிலதான் செல்வி. ரெண்டு வருசமா யாரும் தண்ணி ஊத்தல" என்று கையைக் காட்டினாள்.

மூடியைத் தூக்கினாள். குழாயின் தலையில் பழைய துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் கட்டி, உள்ளே கெட்டியாகக் கிரீஸ் அப்பியிருந்தது. தொழில் தெரிந்தவன் தன் வீட்டுக்குச் செய்கிற வேலை. நட்டு போல்ட்டைப் பார்ப்பதற்காகக் கிரீஸை வழித்தாள். விரலில் ஏதோ நெருடியது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

ஒரு சிலுவை. அதன் கீழே இரண்டு வெட்டு.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பிளேடால் அறுக்கிற சத்தம் காதில் கேட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது வேறு. பதினோரு வருஷக் கோபம் முழுக்க ஒரே மூச்சில் வந்தது.

"சுலோசனாக்கா! சங்கரி! ரெண்டு பேரும் இங்க வாங்க. யோவ் கண்ணாயிரம், நீயும் வா!"

தன் சுத்தியலை எடுத்து அதன் காம்பைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். காம்பிலும் அதே சிலுவை, அதே இரண்டு வெட்டு. அளத்தை விட்டு வந்தாலும் வழக்கத்தை அவள் விடவில்லை.

"எங்க வீட்டு அடையாளம் இது. இந்தக் குழாய எங்க அக்கா வாங்குச்சு. இந்த வெட்டு வெட்டும்போது நான் காலால மிதிச்சுக்கிட்டு நின்னேன். உப்பு தின்னுடுச்சுன்னு சொன்னியே, உப்பு தின்ன குழாய் உன் வீட்டுல வந்து எப்படிய்யா மொளைச்சுது?"

"ஊர்ல எவ்ளோ பேர் சிலுவ போடறான்" என்று கண்ணாயிரம் முனகினான்.

"ரெண்டு வெட்டோட?"

சிவசங்கரி குழாயையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இது அவங்களுதா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் அவன் உடைந்தான்.

"அப்போ நம்ம வீட்டு வேலையும் ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா. குழாயும் உப்பும் அங்க கையில இருந்துச்சு. அவங்களுக்கு அப்புறம் வேற வாங்கிப் போட்டுக்கலாம்னு... மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?" செல்வி எழுந்து நின்றாள். "எங்க அக்காவ மண்ணுல வச்சப்பவுமா மறந்திருந்த? ஞாபகம் இருந்ததாலதான ஈரக் கை, ஈரக் கைன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்த? அவ சொமந்த உப்புலதான்யா உன் பொண்ணு இத்தனை வருசம் சொகமா குளிச்சுது."

அவள் உள்ளே போய் மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டைகள் எல்லாவற்றையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மே மாத வெயிலில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"இந்தக் குழாய் என்னோட வருது. புதுக் குழாய் நான் எறக்கித் தர்றேன். ஆனா உப்பு நீ கொண்டாரணும். ரெண்டு கூடை, அளத்துலேர்ந்து, உன் தலைமேல. வழியில எதுக்குன்னு கேக்கறவங்க எல்லார்கிட்டயும் எதுக்குன்னு சொல்லணும். அதுவரைக்கும் இந்த வீட்டுக்குக் கரண்ட் கெடையாது. எர்த் இல்லாத வீட்டுல நான் கரண்ட் வுட மாட்டேன், நான் கண்ணாயிரம் இல்ல."

"கை நடுங்குற மனுசன்..." என்று சுலோசனா ஆரம்பித்தாள்.

"தலை நடுங்கலியே."

அவன் மகளைப் பார்த்தான். சிவசங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போங்கப்பா. நீங்க போகலன்னா நான் இந்த வீட்டுல ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்க மாட்டேன்" என்றாள்.

பத்து மணி. அளத்தில் எல்லோரும் கஞ்சிக்கு உட்கார்ந்திருக்கிற நேரம். முப்பது நாற்பது பேர் பார்க்க, கண்ணாயிரம் காலிக் கூடையோடு வரப்பில் நடந்து வந்தான். பின்னால் செல்வி. உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்றவன் சாலமன்.

"என்னாண்ணே, எதுக்கு உப்பு?"

கண்ணாயிரம் செல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணெடுக்காமல் நின்றாள்.

"எர்த் குழிக்கு" என்றான். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லறை வாசலில் சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "உன் வீட்டுக் குழாய என் வீட்டுல பொதச்சுக்கிட்டேன் சாலமன். சவரியம்மா மேல தப்பில்ல. நான் எர்த்தே போடல."

கஞ்சிச் சட்டிகள் அப்படியே நின்றன. சாலமன் அவனை அடிப்பான் என்று செல்வி எதிர்பார்த்தாள். அவன் அடிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து உப்பை வாரினான். கூடை நிறைந்த பிறகும் நிறுத்தாமல் வாரினான். விளிம்பு மறைந்து உப்பு கோபுரமாக எழும்பும்வரை வாரினான். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு அவனே தூக்கிக் கண்ணாயிரத்தின் தலையில் வைத்தான். சுமையில் அவன் கழுத்து உள்ளே போனது. உப்பு நீர் பிடரியில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

மேட்டுத் தெருவரை ஒவ்வொரு வாசலிலும் யாராவது கேட்டார்கள். அவன் தயங்கிய இடத்திலெல்லாம் பின்னாலிருந்து செல்வி, "சொல்லுண்ணே" என்றாள். இரண்டாவது நடைக்கு அவனை யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

புதுக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, பத்துக் குடம் தண்ணீர் விட்டு, டெஸ்ட் லாம்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிவதைப் பார்த்த பிறகுதான் அவள் ஃப்யூஸ் கட்டைகளை மாட்டினாள். ஃபேன் சுற்றியது. அந்த ஊரில் அதைவிடப் பத்திரமான பாத்ரூம் இன்றைக்கும் கிடையாது. "பயப்படாம குளிம்மா. வெயில் காலத்துல குழிக்கு வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்து" என்று சிவசங்கரியிடம் சொன்னாள். சுலோசனா கொண்டுவந்த காப்பியை அவள் தொடவில்லை. கண்ணாயிரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பாக இருக்கலாம். கேட்க அவள் நிற்கவில்லை.

பழைய குழாயை மறுநாள் சாலமன் வந்து பிடுங்கிக் கொடுத்தான். பாதிக்குக் கீழே துரு அரித்திருந்தது. தலைப்பக்கம் மட்டும் அடையாளத்தோடு முழுசாக இருந்தது. செல்வி அதைத் தெருவைப் பார்த்த வாசல் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாள். பஸ் ஏறுமிடத்துக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். கண்ணாயிரம் இப்போதெல்லாம் மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறான்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரி பிள்ளையை அதட்டினாள். "ஈரக் கையோட போடாத, சவரியம்மா மாதிரி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவளைப் பக்கத்து வீட்டுக்காரி, "அவ கையால சாவலடி. கண்ணாயிரம் குழாயத் திருடுனதால செத்தா" என்று திருத்தினாள். உள்ளே இருந்த செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் முழுசாகக் குளிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அவள் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருவாள். குழாயின் தலையைத் துடைத்து, சிலுவையிலும் இரண்டு வெட்டிலும் விரலால் அழுத்தித் தடவுவாள். கடல் காற்று அடிக்கிற ஊர், விட்டால் இற்றுவிடும். இந்தக் குழாயை உப்பு தின்னக்கூடாது. அவன் இருக்கிற வரைக்குமாவது தின்னக்கூடாது.